கைக்கு ஏற்ற பந்து: நூறாண்டு வரலாறு சொல்லும் பாடம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"போலிங் விளையாட்டுக்குச் சரியான பந்து எது?" இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி. இதைக் கேட்டவுடனே பலர் விலையைத்தான் நினைப்பார்கள். பள்ளியில் புறப்பாட நடவடிக்கையாகப் போலிங் ஆடத் தொடங்கிய மகன், "அப்பா, எனக்குச் சொந்தப் பந்து வேண்டும்" என்று கேட்கிறான். கடையில் விசாரித்தால் பல நூறு வெள்ளி என்கிறார்கள். ஒரு வீட்டில், "இதெல்லாம் வசதி உள்ளவன் ஆட்டம், நமக்கு எதற்கு?" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. இன்னொரு வீட்டில், பிள்ளை ஆசைப்பட்டுவிட்டான் என்று இருப்பதிலேயே விலை உயர்ந்த பந்தை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து, பிள்ளை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறான்.

இந்த இரண்டு முடிவுகளுமே தவறு என்பது என் கருத்து. ஏன் தவறு என்பதை நான் சொல்வதைவிட, அந்தப் பந்தின் வரலாறே தெளிவாகச் சொல்லும். ஆகவே, கடைக்குப் போவதற்கு முன் நூறாண்டு பின்னோக்கிப் போய் வருவோம்.

மரத்தில் தொடங்கிய கதை

பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம் ஐரோப்பாவில், சிறப்பாக ஜெர்மனியில், பல நூற்றாண்டுகளாக இருந்து வந்தது. அங்கிருந்து குடியேறியவர்கள் அதை அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். ஒன்பது கட்டை ஆட்டம் அங்கே பத்துக் கட்டை ஆட்டமாக மாறியது. ஆனால் ஊருக்கு ஒரு விதி. ஓர் ஊரில் பந்து பெரியது, மற்றோர் ஊரில் சிறியது. 1895 செப்டம்பரில் நியூயார்க் நகரில் அமெரிக்க போலிங் காங்கிரஸ் என்னும் அமைப்பு உருவான பிறகுதான் விதிகள் ஒரு கட்டுக்குள் வந்தன. இன்றைக்கும் தடத்தின் கோட்டிலிருந்து முதல் கட்டைவரை 60 அடி. பந்து 16 பவுண்டுக்கு, அதாவது சுமார் 7.26 கிலோவுக்கு, மேல் போகக்கூடாது. உச்ச எடைக்குத்தான் விதி இருக்கிறது. "இவ்வளவுக்குக் குறையக்கூடாது" என்ற விதி கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அந்தக் காலத்துப் பந்து மரத்தால் ஆனது. லிக்னம் வைட்டே என்னும் மரம். கரீபியன் தீவுகளிலும் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் வளர்வது. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமான மரம். எவ்வளவு உறுதியானாலும் மரம் மரம்தானே! ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும், அடிபட்டால் சில்லு பெயரும். நாளடைவில் உருண்டை வடிவமே கெட்டுப்போகும். உருண்டையாக இல்லாத பந்தைக் கொண்டு யார் திறமையை யார் அளப்பது?

நம் பால்மரமும் அவர்கள் பந்தும்

இந்தக் குறையைப் போக்க வந்ததுதான் இரப்பர்ப் பந்து. 1905ஆம் ஆண்டில் எவர்ட்ரூ என்னும் பெயரில் முதல் இரப்பர்ப் பந்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1914இல் பிரன்ஸ்விக் நிறுவனம் மினரலைட் என்னும் பந்தை வெளியிட்டு, "இது யாருக்கும் தெரியாத இரப்பர்க் கலவை" என்ற தோரணையில் விளம்பரம் செய்தது. இரப்பர் என்றவுடன் அழுத்தினால் அமுங்கும் பொருளை நினைக்காதீர்கள். இரப்பரோடு கந்தகத்தை நிறையச் சேர்த்துச் சூடாக்கினால் அது கருங்கல்போல் இறுகிவிடும். சீப்பு, பேனா உடல் எல்லாம் அந்தக் காலத்தில் இந்தக் கெட்டி இரப்பரில்தான் செய்தார்கள்.

இங்கே நேயர்களை ஒரு நிமிடம் நம் மண்ணுக்கு அழைக்கிறேன். 1877இல் இரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டு, தோட்டக்காரர்களிடம் விடாமல் வற்புறுத்தி வந்தார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் இரப்பரை வணிகப் பயிராக நட்டார். எவர்ட்ரூ பந்து வந்த 1905இல் உலகச் சந்தையில் இருந்தது பெரும்பாலும் பிரேசில் முதலிய நாடுகளின் காட்டு இரப்பர். பதினைந்தே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 1920 வாக்கில் உலக இரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து போனது. அதை அதிகமாக வாங்கிய நாடு அமெரிக்கா.

பெரும்பகுதி கார் டயருக்குத்தான் போயிருக்கும். எந்தப் பந்தில் எந்தத் தோட்டத்துப் பால் கலந்தது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் இருள் பிரியும் முன் பிரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாகப் பால்மரக் காட்டுக்குள் நுழைந்த நம் பாட்டன் பாட்டிமார்களின் உழைப்பு, அரை நூற்றாண்டுக்கு மேல் அமெரிக்கப் போலிங் கூடங்களின் மூலப்பொருளோடு தொடர்புடையது என்பதில் ஐயமில்லை. ஆகவே, "இது நம் ஆட்டம் இல்லை" என்று சொல்லும் பெற்றோர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பந்துக்குப் பால் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பந்தைத் தொடக் கூச்சப்படுவானேன்?

டென்வர் நகரில் ஒரு குடும்பத் தலைவி

இரப்பர்ப் பந்தின் காலத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. அப்போது பந்துகளுக்கிடையே பெரிய வேறுபாடு கிடையாது. பணக்காரன் கையிலும் கறுப்புப் பந்து, ஏழை கையிலும் கறுப்புப் பந்து. எடையும் துளைகளின் இடைவெளியும்தான் வேறுபடும். ஆகவே, வெற்றி தோல்வியைக் கையே தீர்மானித்தது.

இதற்கு நல்ல சான்று பிளாரெட்டா மெக்கட்சன் என்னும் பெண்மணி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்தவர். முப்பத்தைந்து வயதுக்கு அருகில்தான் இந்த ஆட்டத்தையே கற்றுக்கொண்டார். 1927 டிசம்பரில் டென்வர் நகரில், அன்றைய புகழ்பெற்ற ஆட்டக்காரரான ஜிம்மி ஸ்மித்தை மூன்று ஆட்டங்களில் 704க்கு 697 என்ற புள்ளிக்கணக்கில் தோற்கடித்தார். அன்று இருவர் முன்னும் இருந்தது ஒரே வகைத் தடம். கடைகளில் கிடைத்ததும் ஒரே வகைக் கெட்டி இரப்பர்ப் பந்து.

ஆனால் பந்து பொதுவாக இருந்த அந்தக் காலத்தில் தடம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க போலிங் காங்கிரஸ் வெள்ளை ஆண்களை மட்டுமே உறுப்பினராகச் சேர்த்தது. கறுப்பின மக்கள் 1939இல் தங்களுக்கென்று தனிச் சங்கம் கண்டார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1950இல்தான் அந்த விதி நீக்கப்பட்டது. விளையாட்டில் ஒருவனை வெளியே நிறுத்துவதற்கு வழிகள் பல. அன்று அது தோலின் நிறம். இன்று பந்தின் விலை அந்த வேலையைச் செய்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

ஊறவைத்த பந்து

1950களில் கட்டைகளை அடுக்கும் தானியங்கி இயந்திரங்கள் வந்தன. அதுவரை சிறுவர்கள்தான் தடத்தின் கோடியில் குந்தியிருந்து கட்டைகளை அடுக்கினார்கள். இயந்திரம் வந்ததும் போலிங் கூடங்கள் பெருகின. அடுத்து, 1960களில் பாலியெஸ்டர் என்னும் பிளாஸ்டிக் பந்துகள் பரவின. கறுப்பு மட்டுமே பார்த்திருந்த கண்களுக்கு வண்ண வண்ணப் பந்துகள்.

ஆனால் சிக்கல் தடத்தில் தோன்றியது. மரத்தடத்துக்குப் பூசிய பழைய அரக்கு மெருகு எளிதில் தீப்பற்றக்கூடியது. ஆகவே, 1970களில் அதைக் கைவிட்டு யூரேத்தேன் பூச்சுக்கு மாறினார்கள். புதிய பூச்சு கெட்டியானது, வழவழப்பானது. பழைய பந்து அதில் பிடிப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. சுழற்றி விட்டாலும் வளையவில்லை.

அப்போது டான் மெக்கியூன் என்னும் தொழில்முறை ஆட்டக்காரர் ஒரு வேலை செய்தார். பிளாஸ்டிக் பந்தை ஒரு இரசாயனக் கரைப்பானில் ஊறவைத்தார். பந்தின் மேல்தோல் மென்மையானது. மென்மையான தோல் தடத்தைப் பற்றியது. பந்து நன்றாக வளைந்து கட்டைகளுக்குள் புகுந்தது. 1973ஆம் ஆண்டில் மட்டும் அவர் ஆறு பட்டங்களை வென்று அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார். அன்றைக்கு அதைத் தடுக்கும் விதி இல்லை. பிறகென்ன, ஆளாளுக்குப் பந்தை ஊறவைக்கத் தொடங்கிவிட்டார்கள்! அந்தக் கரைப்பானோ எளிதில் தீப்பிடிக்கும் பொருள். முடிவில் சங்கங்கள் தலையிட்டு, டூரோமீட்டர் என்னும் கருவியால் பந்தின் கெட்டித்தன்மையை அளந்து, இதற்குக் கீழே போகக்கூடாது என்று வரம்பு கட்டின. பொதுச் சங்கம் வைத்த வரம்பு 72.

மெக்கியூன் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று. தடம் மாறியது; அதனால் பந்து மாற வேண்டியிருந்தது. "சரியான பந்து" என்று தனியாக ஒன்று வானத்திலிருந்து குதித்ததில்லை. எந்தத் தடத்துக்குச் சரி, யாருடைய கைக்குச் சரி என்று கேட்டால்தான் அந்தச் சொல்லுக்கே பொருள் உண்டு.

905 முதல் 34,470 வரை

ஆட்டக்காரர் குறுக்கு வழியில் செய்ததைத் தொழிற்சாலைகள் நேர்வழியில் செய்தன. 1981இல் ஏஎம்எஃப் நிறுவனம் ஏங்கிள் என்னும் யூரேத்தேன் பந்தை வெளியிட்டது. அது தடத்தை இயல்பாகவே நன்றாகப் பற்றியது. 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் பந்து வந்தது. இதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. தடத்தின் முன்பகுதியில் பூசியிருக்கும் எண்ணெயில் வழுக்கிச் செல்லும் பந்து, எண்ணெய் இல்லாத பின்பகுதியை அடைந்ததும் தரையைப் பற்றிக்கொண்டு சட்டென்று திரும்பும். பந்தின் உள்ளேயிருக்கும் கனமான கருவையும் விதவிதமான வடிவங்களில் அமைத்தார்கள்.

திரும்புவதால் என்ன நன்மை? நேராக வரும் பந்து முதல் கட்டையில் மோதியதும் பக்கவாட்டில் விலகிவிடுகிறது. வளைந்து, நான்கு முதல் ஆறு பாகை கோணத்தில் நுழையும் பந்து விலகாமல் உள்ளே ஊடுருவுகிறது. வலக்கை ஆட்டக்காரரின் நல்ல ஸ்ட்ரைக் ஒன்றில் பந்து தொடுவது 1, 3, 5, 9 ஆகிய நான்கு கட்டைகளைத்தான். மற்ற ஆறையும் கட்டைகளே ஒன்றையொன்று தள்ளி வீழ்த்திவிடும்.

இதன் விளைவைப் பாருங்கள். அமெரிக்காவில் 1968-69 பருவத்தில் பதிவான 300 புள்ளி முழுநிறை ஆட்டங்கள் 905. முப்பது ஆண்டு கழித்து, 1998-99 பருவத்தில் 34,470! மனிதனின் கை முப்பது ஆண்டில் முப்பத்தெட்டு மடங்கு திறமை பெற்றுவிட்டதா? இல்லை. பந்து மாறியது, தடம் மாறியது, எண்ணெய் பூசும் முறையும் மாறியது. புள்ளிகள் ஏறின. ஆனால் அதே காலத்தில் சங்கங்களின் உறுப்பினர் எண்ணிக்கை 1980க்குப் பிறகு இறங்கிக்கொண்டே வந்தது. எளிதில் 300 எடுக்க முடிகிறது என்பதற்காகக் கூட்டம் கூடிவிடவில்லை.

இன்றளவும் அந்த வாதம் ஓயவில்லை. விரல்களுக்குரிய துளைகளோடு பந்தின் சமநிலையை மாற்றுவதற்கென்று தனித்துளை போடும் வழக்கம் 2020 ஆகஸ்டு முதல் அமெரிக்க விதிகளின்படி நிறுத்தப்பட்டது. 2022இல், ஏற்கெனவே அங்கீகாரம் பெற்றிருந்த ஒரு பந்து, கெட்டித்தன்மை வரம்புக்குக் கீழே இருப்பதாகக் கண்டறியப்பட்டு அங்கீகாரத்தை இழந்தது. 1973இல் எழுந்த அதே கேள்வி: புள்ளி பந்துக்கா, கைக்கா?

நம் பிள்ளைகள் எட்டிய உயரம்

நம் வட்டாரத்துக்கு வருவோம். ஆசிய விளையாட்டுப் போட்டியில் போலிங் 1978இல் பாங்காக்கில் சேர்க்கப்பட்டது. 1998இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் ஆடவர் ஒற்றையர் தங்கத்தை மலேசியாவின் கென்னி ஆங் வென்றார். 2002 பூசான் ஆசியப் போட்டியில் சிங்கப்பூரின் ரெமி ஓங் மூன்று தங்கப் பதக்கங்களை அள்ளினார். 2012இல் போலந்தில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் ஆடவர் பட்டம் மலேசியாவின் ஷாஃபிக் ரிட்வானுக்கு, மகளிர் பட்டம் சிங்கப்பூரின் ஷேனா இங்குக்கு. காற்பந்தில் உலகக் கிண்ணத்தைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்க்கும் நமக்கு, இந்த ஆட்டத்தில் அது எட்டாக்கனி அல்ல. ஏழடி உயரம் வேண்டாம். மின்னல் வேகம் வேண்டாம். ஒரே செயலை ஆயிரம் முறை ஒரே மாதிரி செய்யும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை நம் பிள்ளைகளிடம் இல்லையா?

உலக அளவில் ஆடுவோர் பல பந்துகளோடுதான் போட்டிக்குப் போகிறார்கள், உண்மைதான். எண்ணெய் எப்படிப் பூசப்பட்டிருக்கிறது என்று பார்த்துப் பந்தை மாற்றுவார்கள். ஆனால் எந்தப் பந்து என்ன செய்யும் என்று அறியும் அளவுக்கு அவர்கள் கை பழகியிருக்கிறது. கை பழகாதவனிடம் ஆறு பந்து கொடுத்தால் ஆறு விதமாகத் தவறுவான், அவ்வளவுதான்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

வரலாற்றில் பந்தின் பொருள் நான்கு முறை மாறியது: மரம், இரப்பர், பாலியெஸ்டர், யூரேத்தேன், ரெசின். மாறாதவை இரண்டே இரண்டு. பந்தின் எடையைத் தாங்கும் உடல் ஒன்று. துளைக்குள் நுழையும் விரல் மற்றொன்று. ஆகவே, தேர்வும் அந்த வரிசையில்தான் இருக்க வேண்டும்.

முதலில் எடை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது தொடங்குவோருக்கு ஏற்ற பொதுக்கணக்கு. 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 8 அல்லது 9 பவுண்டு போதும். பெரியவர்களுக்கு 16 பவுண்டு உச்ச வரம்பே தவிர, கட்டாயம் அல்ல. தொழில்முறை ஆட்டக்காரர்களிலேயே பலர் 15 பவுண்டு பந்தைப் பயன்படுத்துகிறார்கள். கனமான பந்து கட்டைகளில் மோதும்போது குறைவாக விலகும் என்பது உண்மை. ஆனால் கடைசி ஆட்டம்வரை தோள் தொங்காமல், வேகம் குறையாமல் வீச முடிந்தால்தான் அந்த நன்மை. ஆண்பிள்ளை என்பதற்காகக் கனமானதைத் தூக்கச் சொல்வது வீரம் அல்ல, காயம்.

இரண்டாவது, விரல் பொருத்தம். கட்டை விரலை முழுவதும் நுழையுங்கள். மற்ற இரு விரல்களையும் துளைகளின்மேல் படுக்கவிடுங்கள். அவற்றின் இரண்டாம் கணுக்கோடு துளையின் உள்விளிம்பைச் சற்றே தாண்டி விழுந்தால் இடைவெளி சரி. கட்டை விரல் இறுகவும் கூடாது, தொளதொளவென்று ஆடவும் கூடாது. துளை பெரிதாக இருந்தால் பந்து நழுவாதிருக்கக் கையை இறுக்கிப் பிடிக்கத் தோன்றும். மணிக்கட்டு வலி பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. கூடங்களில் உள்ள பொதுப் பந்துகளில் எடை கூடக்கூடத் துளையும் பெரிதாக இருக்கும். விரல் பருமனான பெரியவர் ஒருவர், துளைக்காகவே தமக்கு மிஞ்சிய எடையைத் தூக்க நேர்வது இதனால்தான். ஆகவே, சொந்தப் பந்தின் முதல் நன்மை, அது வளைவது அல்ல. உங்கள் விரலை அளந்து துளையிட்டிருப்பது.

மூன்றாவதுதான் பொருள். தொடக்கநிலை மாணவனுக்குப் பாலியெஸ்டர் பந்தே நல்லது. விலையும் குறைவு, கை எப்படி விட்டதோ அப்படியே நேராகப் போகும், தவறு யாருடையது என்று உடனே காட்டிக்கொடுக்கும். அந்தப் பந்து பின்னாளிலும் வீணாகாது. ஒற்றைக் கட்டையைக் குறிவைத்து ஸ்பேர் எடுப்பதற்குப் பெரிய ஆட்டக்காரர்களும் அதைத்தான் எடுக்கிறார்கள். கை ஒரே மாதிரி பழகி, இயல்பாகச் சுழற்சி வந்த பிறகு, பயிற்றுநரைக் கேட்டு யூரேத்தேன் அல்லது ரெசின் பந்துக்குப் போகலாம். வளரும் பிள்ளையின் கையும் வளரும். பழைய துளைகளை அடைத்து, புதிதாக அளந்து துளையிட முடியும் என்பதால், ஆண்டுக்கு ஒரு பந்து வாங்க வேண்டியதில்லை.

பள்ளிப் பொறுப்பாசிரியர்களுக்கும் பெற்றோர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு மாணவனுக்கு ஆயிரம் வெள்ளிப் பந்து வாங்கிக் கொடுப்பதைவிட, அதே பணத்தில் பத்து மாணவர்கள் பல வாரங்கள் தடத்தில் ஆடக் கட்டணம் கட்டலாம். மெக்கட்சன் அம்மையார் எல்லோரும் வைத்திருந்ததைப் போன்ற பந்தைக் கொண்டுதான் வென்றார். அவரை உருவாக்கியது பயிற்சி.

நேயர்களே, மரப்பந்து போய் இரப்பர்ப் பந்து வந்தது. இரப்பர்ப் பந்தும் போய்விட்டது. இன்று கடையில் மின்னும் பந்தும் ஒருநாள் பழையதாகிவிடும். ஒவ்வொரு தலைமுறையிலும், "இதுதான் சரியான பந்து" என்று விற்பவர் சொல்லிக்கொண்டேதான் இருப்பார். அடுத்த முறை பிள்ளை பந்து கேட்டால், வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். விலைச்சீட்டையும் முதலில் பார்க்காதீர்கள். அவன் கையைப் பிடித்து அளந்து பாருங்கள். சரியான பந்தின் அளவு அங்கேதான் இருக்கிறது.